எஃகு மன்னரின் இரு கைகள்

செல்வம் சேர்த்த ஒருவர் அதைப் பிறருக்கு வாரி வழங்கிவிட்டால், அவர் அதைச் சேர்த்த வழியைப் பற்றி நாம் கேட்கலாமா? அமெரிக்க வரலாற்றைப் பயிலும்போது என் உள்ளத்தில் எழுந்த வினா இது. விடை தேடிய என்னை ஆண்ட்ரூ கார்னகியின் வாழ்க்கை ஈர்த்தது.

ஸ்காட்லாந்தில் 1835-இல் பிறந்தவர் கார்னகி. தந்தை கைத்தறி நெசவாளர். விசைத்தறி வந்து பிழைப்பைப் பறிக்கவே, 1848-இல் குடும்பம் அமெரிக்காவில் குடியேறியது. பஞ்சாலையில் சிறுவன் கார்னகி பெற்ற வாரக் கூலி 1 டாலர் 20 சென்ட்.

உள்நாட்டுப் போர் 1865-இல் முடிந்தபின் அந்நாட்டில் இருப்புப்பாதைகள் பல்கிப் பெருகின. தண்டவாளங்களுக்கு எஃகு தேவைப்பட்டது. பெசிமர் முறையோ குறைந்த செலவில் எஃகு தந்தது. காலமறிந்து 1875-இல் ஆலை தொடங்கிய கார்னகி, எஃகு மன்னரானார். செல்வர் தம் மிகுபொருளை வாழ்நாளிலேயே பொதுநலனுக்குச் செலவிட வேண்டும் என்று 1889-இல் கட்டுரையும் எழுதினார்.

மூன்றே ஆண்டுகள் கழித்து நடந்தது என்ன? 1892-இல் அவருடைய ஹோம்ஸ்டெட் ஆலையில் கூலிக் குறைப்பை எதிர்த்த தொழிலாளர்கள் வெளியே நிறுத்தப்பட்டனர். கார்னகி அப்போது ஸ்காட்லாந்தில் இருந்தார். பொறுப்பிலிருந்தவர் ஹென்றி பிரிக். ஜூலை 6-ஆம் நாள் பிங்கர்ட்டன் நிறுவனக் காவலர் சுமார் 300 பேர் படகுகளில் வந்து இறங்க முயன்றனர். மோதலில் இரு தரப்பிலும் உயிர்கள் மாண்டன. இறுதியில் அங்குத் தொழிற்சங்கம் வீழ்ந்தது; 12 மணி நேர உழைப்பு நிலைத்தது.

அதே ஆலையின் அருகே 1898-இல் கார்னகி அழகியதொரு நூலகம் திறந்தார். நீச்சற்குளமும் இசையரங்கும் அதில் இருந்தன. ஆனால், 12 மணி நேரம் உலைக்களத்தில் வெந்தவன் எப்போது நூலைப் புரட்டுவான்?

1901-இல் தம் நிறுவனத்தை 48 கோடி டாலருக்கு விற்ற கார்னகி, 1919-இல் மறைவதற்குள் சுமார் 35 கோடி டாலரை அறப்பணிகளுக்கு ஈந்தார். உலகெங்கும் 2,500-க்கும் மேற்பட்ட நூலகங்கள் அவர் கொடையால் எழுந்தன. நூலகத்தின் அருமை அறிந்த மாணவன் நான். அக்கொடையை இகழ மாட்டேன். ஆனால் எஃகுத் தொழிலாளிக்கு 8 மணி நேர வேலை 1923-இல்தான் வரத் தொடங்கியது. அதைத் தந்தது கொடை அன்று. ஓயாத கோரிக்கையும் பொதுமக்கள் கருத்துமே.

ஒரு கை கொடுத்ததைப் போற்றுவோம்; மறு கை எடுத்ததையும் மறவாதிருப்போம். ஈகை நீதிக்கு ஈடாகாது என்பதே நான் கண்ட விடை.