சங்கத்து வண்டிக்கு எச்செலவு முதற்செலவு?

கூட்டுறவுச் சங்கம் மோட்டார் வண்டி வைத்துக்கொள்வது ஆடம்பரமன்று. நூல் கட்டுகளைக் கொண்டுவரவும், நெய்த துணியை விற்பனை நிலையத்திற்கு அனுப்பவும், தோட்டத்து மாங்காயையும் தேங்காயையும் சந்தை சேர்க்கவும் ஒரு சிறு வண்டி இன்றியமையாததாகிவிட்டது. புதிய வண்டி வாங்க வகையில்லாத சங்கங்கள் பழைய மாருதி ஆம்னியையோ, மக்கள் 'குட்டி யானை' என்றழைக்கும் சிறு சரக்கு வண்டியையோ வாங்கி ஓட்டுகின்றன. ஆம்னி வண்டி 1984-ல் வெளிவந்தது. 2019-ல் அதன் உற்பத்தி நின்றது. ஆகவே இன்று ஓடும் ஆம்னி எதுவாயினும் அது வயதான வண்டியே.

இத்தகைய வண்டிக்கென்று ஆண்டு முடிவில் ஒரு சிறு தொகை ஒதுக்கப்படுகிறது. ஒருவர் புது வர்ணம் வேண்டுமென்பார். ஒருவர் குளிர்சாதனம் என்பார். இளைஞர் ஒருவர் அகன்ற பளபளப்பான சக்கரம் என்பார். ஓட்டுநரோ டயரும் பிரேக்கும் என்பார். எல்லாம் வேண்டியவையே. ஆயினும் பணம் ஒன்றுக்கே போதுமானால், எதை முதலில் செய்வது? இதனையே இப்பாடத்தில் ஆராய்வோம்.

1. வரிசை வகுக்கும் முறை

நெசவாளருக்கு இது புதிய பாடமன்று. அச்சின் பல் வளைந்து கிடக்க, தறிக்கட்டைக்கு வர்ணம் பூசுவார் எவருமிலர். விவசாயிக்கும் அவ்வாறே. வாய்க்கால் உடைந்து நீர் வீணாகும்போது, பம்பு செட்டின் குதிரைத்திறனைக் கூட்டுவதால் பயனில்லை. தொழிலில் நாம் நாள்தோறும் கடைப்பிடிக்கும் இவ்வறிவை வண்டிக்கும் பயன்படுத்துவதே முறை.

வண்டிச் செலவுகளை நான்கு படிகளாகப் பிரித்துக்கொள்ளலாம். முதற்படி, வண்டியை நிறுத்துபவையும் வழியைக் காட்டுபவையும்: டயர், பிரேக், ஸ்டியரிங், விளக்கு, வைப்பர். இரண்டாம் படி, வண்டியை நடுவழியில் நிற்கவிடாமல் காப்பவை: ரேடியேட்டர், பேட்டரி, கிளட்ச். மூன்றாம் படி, ஏற்றிய சரக்கைக் காப்பவை: ஒழுகாத கூரை, ஓட்டையில்லாத தரை, தார்ப்பாய், கட்டும் வளையம். நான்காம் படி, வசதியும் தோற்றமும். மேற்படி நிறைவுறாமல் கீழ்ப்படிக்கு இறங்கலாகாது என்பதே விதி.

2. நிறுத்தும் சக்தி ஏன் முதலாவது?

ஜோலார்பேட்டையில் வாழ்வோர் இதற்குச் சான்று தேடித் தொலைவு செல்ல வேண்டியதில்லை. பெங்களூர்ப் பாதை 1864-ல் இங்கு வந்து இணைந்த நாள்முதல் இவ்வூர் ரயில் சந்திப்பாக இருந்துவருகிறது. ரயிலின் எஞ்சின் மாற்றப்பட்டால், பிரேக்கின் காற்று கடைசிப் பெட்டி வரை செல்கிறதா என்று சோதித்த பின்னரே வண்டி புறப்பட அனுமதிக்கப்படும். எஞ்சின் எவ்வளவு வலியதாயினும், பெட்டிகள் எவ்வளவு அழகியவையாயினும், இச்சோதனைக்கு விலக்கு இல்லை.

அடுத்து, ஊருக்கருகே நிற்கும் ஏலகிரி மலையை நோக்குவோம். பொன்னேரியிலிருந்து ஏறும் சாலையில் 14 கொண்டை ஊசி வளைவுகள் உள்ளன. மலைமேல் விளையும் பலாவும் கொய்யாவும் இவ்வழியேதான் கீழே வர வேண்டும். சரக்கோடு ஒன்றரை டன் எடையுள்ள வண்டி ஏறக்குறைய 600 மீட்டர் உயரம் கீழிறங்கும்போது வெளிப்படும் ஆற்றல் சுமார் இரண்டரை யூனிட் மின்சாரத்துக்குச் சமம். சாதாரண வெப்பத்திலுள்ள முப்பது லிட்டர் தண்ணீரைக் கொதிக்க வைக்க அது போதும். ஓட்டுநர் தாழ்ந்த கியரில் இறங்கினால் இதில் பெரும்பகுதியை எஞ்சின் ஏற்கும். பிரேக்கை மட்டும் மிதித்து இறங்கினால், அவ்வெப்பம் முழுவதும் சக்கரங்களிலுள்ள பிரேக்கில் சேரும்.

இங்கே பிரேக் எண்ணெயின் தன்மையை அறிதல் வேண்டும். அது காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 என்னும் வகை எண்ணெய் புதிதாக இருக்கையில் குறைந்தது 230 பாகை செல்சியசு வரை கொதியாதிருக்க வேண்டும் என்பது தரவிதி. ஈரம் ஏறியபின் அவ்விதி எதிர்பார்ப்பது 155 பாகை மட்டுமே. எண்ணெய் கொதித்தால் குழாயில் ஆவி சேரும், மிதி தரையைத் தொடும், வண்டி நிற்காது. சில நூறு ரூபாய் எண்ணெயை இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றாததன் விளைவு இது.

வேகம் பற்றியும் ஒரு கணக்கு உண்டு. வேகம் இரு மடங்கானால், பிரேக் பிடித்தபின் வண்டி ஓடி நிற்கும் தூரம் ஏறக்குறைய நான்கு மடங்காகும். ஆகையால் பிரேக்கைச் சீராக்காமல் எஞ்சினின் வலிமையைக் கூட்ட முனைவது, யானையை வாங்கிவிட்டு அங்குசத்திற்குப் பேரம் பேசுவதை ஒக்கும்.

3. டயர் வாங்கும்போது அறிய வேண்டியவை

டயரின் பள்ளங்களுக்குள் குறுக்கே சிறு மேடுகள் இருக்கும். தேய்மானம் அம்மேட்டைத் தொட்டால், பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டர் ஆகிவிட்டதென்று பொருள். அதற்குக் குறைந்த டயருடன் காரோ சரக்கு வண்டியோ ஓட்டுதல் சட்டப்படி தவறு. பக்கவாட்டில் நான்கு இலக்க எண்ணொன்று இருக்கும். 2319 என்றிருப்பின், அது 2019-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் செய்யப்பட்டது. கடையில் நெடுங்காலம் தேங்கிய டயரைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிட முயல்வோரிடம் இவ்வெண்ணைக் காட்டிக் கேட்க வேண்டும்.

நான்கு வாங்கப் பணமின்றி இரண்டே வாங்கினால், அவற்றை முன்சக்கரத்திற்கு இடுவதே பலரின் வழக்கம். பின்சக்கரத்திற்கு இடுவதே நன்று. மழையில் முன்சக்கரம் வழுக்கினால் வண்டி நேரே நழுவும். வேகத்தைத் தளர்த்தி ஒருவாறு மீட்கலாம். பின்சக்கரம் வழுக்கினால் வண்டியே சுழன்றுவிடும்.

காற்றழுத்தத்தை வாரம் ஒருமுறை, வண்டி ஓடிச் சூடேறுமுன் சரிபார்த்தல், அளவுக்கு மேல் ஏற்றாமலிருத்தல், இருக்கைப் பட்டையை அணிதல் ஆகிய மூன்றும் செலவின்றிக் கிடைக்கும் அபிவிருத்திகள்.

4. தவிர்க்க வேண்டியவை

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றியமைப்பதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதனை வலியுறுத்தியது. அளவு மீறி அகன்ற சக்கரம் இடுவதால் ஸ்டியரிங் கனக்கும், பேரிங் விரைவில் தேயும், பெட்ரோல் செலவும் கூடும். ஒளி மிகுதி வேண்டி அதிக வாட் பல்புகளைப் பழைய கம்பியில் மாட்டினால், கம்பி சூடேறி உருகக்கூடும். மங்கிய கண்ணாடியைத் துலக்கி, விளக்கின் குறியைச் சரிசெய்தாலே பாதிக் குறை நீங்கும். நிறத்தை மாற்றினாலும் பதிவுச் சான்றில் அதைக் குறிக்கச் செய்தல் வேண்டும்.

5. ஒரு மாதிரிக் கணக்கு

ஒரு சங்கத்திடம் ரூ. 50,000 உள்ளதாகக் கொள்வோம். கீழ்வரும் தொகைகள் முறையை விளக்கும் பொருட்டு நாம் எண்ணிக்கொண்டவையே. உண்மை விலையை அவரவர் ஊரில் விசாரித்தறிக.

டயர் நான்கு: ரூ. 14,000
பிரேக் வேலை முழுவதும்: ரூ. 9,000
விளக்கு, வைப்பர், கம்பிகள்: ரூ. 3,000
ரேடியேட்டரும் குழாய்களும்: ரூ. 6,000
கிளட்ச்: ரூ. 8,000
கூரை, தரை, தார்ப்பாய்: ரூ. 4,000

ஆக மொத்தம் ரூ. 44,000. மீதி ரூ. 6,000-ஐச் செலவிட்டுத் தீர்க்க வேண்டுமென்ற கட்டாயமில்லை. பழைய வண்டியைப் பிரித்துப் பார்க்கும்போது எதிர்பாராத பழுது தோன்றுதல் இயல்பு. அதற்கென அத்தொகை இருக்கட்டும். வர்ணத்திற்கு ரூ. 30,000, குளிர்சாதனத்திற்கு ரூ. 35,000, அலங்காரச் சக்கரத்திற்கு ரூ. 20,000 என ரூ. 85,000 பெறும் ஆசைகள் வரும் ஆண்டுகளுக்குக் காத்திருக்கலாம்.

வர்ணம் துருவைத் தடுக்குமே என்பாரும் உளர். துருவேறிய இடத்தைச் சுரண்டி ஒட்டுப்போடுவது மூன்றாம் படிச் செலவு; அதை உடனே செய்க. முழு வண்டிக்கும் மெருகேற்றுவது நான்காம் படியே. நம் பகுதியின் கோடை வெயிலில் ஓட்டுநருக்குக் குளிர்சாதனம் வேண்டுமென்பதும் நியாயமான கோரிக்கைதான். ஆயினும் அவரைப் பத்திரமாக வீடு சேர்ப்பது அதற்கும் முந்திய கடமையாகும்.

6. நிர்வாகிகளின் பொறுப்பு

தணிக்கைக்குச் செல்லுமிடங்களில் நாம் காணும் உண்மையொன்று உண்டு. வர்ணமடித்த வண்டியைப் பொதுப்பேரவை பாராட்டும். புதிய பிரேக் கட்டையை ஒருவரும் காணார். "ஐம்பதினாயிரம் செலவாகியும் வண்டி பழைய மாதிரியே நிற்கிறதே!" என்ற கேள்வி எழும். அக்கேள்விக்கு அஞ்சியே சில நிர்வாகிகள் கண்ணுக்குத் தெரியும் செலவை நாடுகின்றனர். அவ்வச்சத்தை நீக்கும் வழி கணக்கைத் திறந்து வைப்பதே.

மூன்று விலைப்புள்ளிகள் பெறுக. எதை, ஏன் முதலில் செய்கிறோம் என்பதைத் தீர்மானத்தில் எழுதுக. கழற்றிய பழைய பாகங்களைத் தொழிற்கூடத்திலிருந்து கேட்டு வாங்கிப் பேரவையில் வைத்துக் காட்டுக. தேய்ந்து இரும்பு தெரியும் பிரேக் கட்டையைக் கையில் எடுத்துப் பார்த்த அங்கத்தினர், செலவு எதற்கென்று பிறகு கேளார். மாற்றிய நாளும் அன்றைய கிலோமீட்டரும் வண்டிப் பதிவேட்டில் ஏறட்டும்.

சங்கத்தின் பணம் தறிக்குழியிலும் வயலிலும் உழைத்தவர் சிறுகச் சிறுகச் சேர்த்தது. அவ்வண்டியை ஓட்டுபவரும் நம் அங்கத்தினர் ஒருவரின் மகனாகவோ தம்பியாகவோ இருப்பார். பணத்தையும் ஆளையும் ஒருங்கே காக்கும் செலவே முதற்செலவு.

கூட்டத்தில் ஆராய வேண்டிய வினாக்கள்

1. நம் சங்கத்து வண்டியின் டயர்கள் எந்த ஆண்டில் செய்யப்பட்டவை?
2. பிரேக் எண்ணெய் கடைசியாக மாற்றப்பட்ட நாள் பதிவேட்டில் உள்ளதா?
3. சென்ற ஆண்டு வண்டிக்குச் செய்த செலவுகள் நான்கு படிகளில் எவ்வெப்படியைச் சேர்ந்தவை?
4. வண்டியின் குறைகளை ஓட்டுநரிடம் நேரில் கேட்டு எழுதியிருக்கிறோமா?