தருமி கதையில் எது நிஜம்?

கேள்வி: ஆவணி மூலத் திருவிழாவில் தருமிக்குப் பொற்கிழி அருளிய லீலை பார்க்க, பேத்தியைக் கூட்டிக்கொண்டு மீனாட்சியம்மன் கோயிலுக்குப் போயிருந்தேன். அங்கே ஒரு பெரியவர் சொன்ன கதை, 'திருவிளையாடல்' படத்தில் பார்த்த மாதிரி இல்லை. "எது பாட்டி நிஜம்?" என்று கேட்டுத் துளைக்கிறாள். புராணம் இப்படி ஆளுக்கு ஒரு விதமாக மாறலாமா? மாறினால் எப்படி நம்புவது?
- ஒரு வாசகி, திருமங்கலம்

பதில்: மாறலாமா என்பது இருக்கட்டும் அம்மா, மாறித்தான் இருக்கிறது. தருமி கதையில் அது மாறி வந்த தடத்தைப் படிப்படியாகப் பார்க்கவும் முடிகிறது.

அடியில் கிடப்பது குறுந்தொகையின் 2ஆம் பாட்டு. என்னவளின் கூந்தலைவிட வாசமுள்ள பூ உனக்குத் தெரியுமா என்று ஒருவன் வண்டைக் கேட்கிறான். அவ்வளவுதான். பாண்டியனும் இல்லை, பரிசும் இல்லை, சிவபெருமானும் இல்லை. பாடியவர் பெயர் மட்டும் இறையனார். பின்னால் வந்த கதைக்கெல்லாம் அந்தப் பெயர்தான் வழி திறந்துவிட்டது என்பது என் எண்ணம்.

7ஆம் நூற்றாண்டில் திருநாவுக்கரசர், இன்று சிவகங்கை மாவட்டத்தில் இருக்கும் திருப்பத்தூரைப் பாடும்போது, இறைவன் புலவராய்ச் சங்கம் ஏறித் தருமிக்குப் பொற்கிழி அருளியதைப் போகிறபோக்கில் சொல்கிறார். விளக்கம் ஏதும் கிடையாது. கேட்டவர்களுக்குக் கதை அப்போதே தெரிந்திருக்க வேண்டும். ஆனால் அந்த அடியில், பாட்டில் குற்றம் கண்ட நக்கீரர் இல்லை.

அப்புறம்தான் புராணங்கள். திருவிளையாடற் புராணம் பாடிய பரஞ்சோதி முனிவருக்குச் சில நூற்றாண்டுகள் முன்பே பெரும்பற்றப்புலியூர் நம்பி ஒரு திருவிளையாடல் பாடியிருக்கிறார், உ.வே.சாமிநாதையர் அதை 1906இல் பதிப்பித்தார். இரண்டிலும் லீலைகள் 64, வரிசைதான் வேறு. இது நம்மூர் வழக்கம் மட்டும் என்று நினைக்க வேண்டாம். எருசலேம் ஆலயத்திலிருந்து வியாபாரிகளை இயேசு விரட்டிய சம்பவத்தை யோவான் தன் நற்செய்தியின் தொடக்கத்தில் வைக்கிறார்; மற்ற மூவரும் கடைசிப் பகுதியில் வைக்கிறார்கள்.

பரஞ்சோதியாரின் தருமி, நாகேஷ் நடித்த தருமி அல்ல. தாய் தந்தையை இழந்த ஆதிசைவப் பிரம்மச்சாரி. கல்யாணம் ஆனால்தான் சுவாமியைத் தொட்டுப் பூசை செய்யலாம். கல்யாணத்துக்குக் கையில் காசில்லை. சந்நிதியில் நின்று அழுகிறான். சிரிப்புக்கு அங்கே வேலையே இல்லை.

நக்கீரர் விஷயத்தில் மாற்றம் இன்னும் பெரிது. படத்தில் கடவுளையே எதிர்த்து நின்று, எரிந்தும் தோற்காதவராக அவர் நம் மனத்தில் நிற்கிறார். புராணம் போகும் திசை வேறு. 52ஆம் படலத்தில் நெற்றிக்கண்ணின் சூடு தாங்காமல் கீரன் பொற்றாமரைக் குளத்தில் விழுகிறார். 53இல் தன் பிழையை உணர்ந்து பாடித் துதித்த பிறகுதான் இறைவன் கரையேற்றுகிறார். 54ஆம் படலத்தின் பெயரே கீரனுக்கு இலக்கணம் உபதேசித்த படலம்! இவருக்கு இலக்கணம் போதவில்லை என்று அகத்தியரை வரவழைத்துப் பாடம் சொல்லவைக்கிறார் சுவாமி. அதாவது, குற்றம் பாட்டில் இல்லை, குற்றம் கண்டவரிடம் இருந்தது என்பது புராணத்தின் தீர்ப்பு. உங்களுக்குப் பெரியவர் சொன்னது இதுவாகத்தான் இருக்கும்.

தீர்ப்பு ஏன் தலைகீழானது? கல்விச் செருக்கு அடியவனுக்கு ஆகாது என்பது பரஞ்சோதியாரின் கவலை. ஏ.பி.நாகராஜன் இயக்கி, நக்கீரராகவும் தானே நடித்த படம் 1965இல் வந்தது. அதே ஆண்டு ஜனவரியில்தான் மதுரையில் இந்தி எதிர்ப்புப் போராட்டம் கலவரமாக வெடித்தது. தமிழுக்காக யாருக்கும் தலைவணங்காத புலவரை அந்தக் காலத்துக் கூட்டம் கைதட்டி வரவேற்றதில் வியப்பில்லை. இன்று நக்கீரர் என்றாலே பலருக்கு நாகராஜன் முகம்தான் நினைவுக்கு வருகிறது. படம் பார்த்த கண்ணோடு புராணத்தைப் படிக்கிறோம், புராணத்தின் பெயரால் படத்தைச் சொல்கிறோம்.

எப்படி நம்புவது என்கிறீர்கள். ஒரு எழுத்தும் மாறாமல் வந்தால்தான் நம்புவேன் என்று இந்த ஊர்ப் பக்தர்கள் ஒருநாளும் நிபந்தனை போட்டதில்லை. நம்பி வைத்த வரிசையைப் பரஞ்சோதியார் மாற்றினார்; மதுரை அவரையும் ஏற்றுக்கொண்டது. ஒன்றை மட்டும் தவறு என்பேன்: கடைசியாகக் கேட்ட கதையையே ஆதியிலிருந்து வந்த கதை என்று சாதிப்பது. பக்தர்களும் அதைச் செய்கிறார்கள், பக்தியைக் கேலி செய்பவர்களும் செய்கிறார்கள்.

பேத்திக்கு அந்த மூன்று படலங்களையும் படித்துக் காட்டுங்கள். பிறகு படத்தை இன்னொரு முறை பார்க்கட்டும். கடைசியாகக் குறுந்தொகைப் பாட்டைக் கையில் கொடுங்கள். மொத்தம் ஐந்தே அடிதான்.