பழைய பைபர் படகில் அடிப்பாகச் சேதம்: கண்டறிதலும் செப்பனிடுதலும்

கடலோரச் சிறு விவசாயிகளில் பலர் உழவுடன் மீன்பிடிப்பையும் துணைத் தொழிலாகக் கொண்டுள்ளனர். ஏரிகளைக் குத்தகைக்கு எடுத்து மீன் வளர்ப்போருக்கும் சிறு படகு தேவைப்படுகிறது. 2004 டிசம்பர் 26 அன்று நேர்ந்த சுனாமிக்குப் பின் தமிழகக் கடற்கரையில் கண்ணாடி இழைப் படகுகள், அதாவது பைபர் படகுகள், பெருகின. புதிய படகு வாங்க இயலாதவர்கள் பழையதை வாங்குகின்றனர். பளபளக்கும் பெயின்ட்டை மட்டும் பார்த்து வாங்கினால் பணத்துடன் உயிருக்கும் ஆபத்து நேரலாம்.

படகின் அமைப்பு

கண்ணாடி இழைப் பாயைப் (மேட்) பாலியெஸ்டர் பிசினில் (ரெசின்) நனைத்து, அடுக்கடுக்காக ஒட்டியே இப்படகு செய்யப்படுகிறது. வலிமை தருவது இழை. இழைகளைப் பிணைப்பது பிசின். வெளிப்புறத்தில் உள்ள மெல்லிய வண்ணப் பூச்சு (ஜெல்கோட்) நீர் உட்புகாமல் காக்கிறது. மணலில் இழுப்பதாலும் பாறையில் மோதுவதாலும் இப்பூச்சு தேய்ந்தால், நீர் அடுக்குகளுக்குள் மெல்ல ஊறி அவற்றைப் பிரித்து விடும்.

வாங்கும் முன் சோதனை

படகைக் கட்டைகளின் மேல் ஏற்றி, ஒரு ரூபாய் நாணயத்தால் அடிப்பாகம் முழுவதும் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல இடத்தில் கணீரென ஒலிக்கும். அடுக்கு பிரிந்த இடத்தில் ‘பொத்’தென மந்தமாக ஒலிக்கும். அவ்விடங்களைச் சாக்கட்டியால் குறித்துக் கொள்ளவும். பின்னர் படகினுள் நான்கைந்து குடம் நீர் ஊற்றி, அடியில் கசிகிறதா எனக் கவனிக்கவும்.

இயந்திரம் பொருத்தும் பின்பலகையை அவசியம் சோதிக்க வேண்டும். அதன் உள்ளே பெரும்பாலும் ஒட்டுப்பலகை இருக்கும். போல்ட் துளைகள் வழியே நீர் இறங்கினால் அது உளுத்துப் போகும். அழுத்தும்போது நெகிழ்ந்தாலோ, துளையில் பழுப்பு நீர் வடிந்தாலோ அப்படகைத் தவிர்ப்பது நன்று. அடிப்பாகத்தில் பாதிக்கு மேல் மந்த ஒலி வந்தாலும், நடு அடிப்பாகமாகிய ஏராவில் குறுக்கு வெடிப்பு இருந்தாலும், விலை மலிவு எனக் கருதி ஏமாற வேண்டாம். இவை வீட்டில் செப்பனிடத்தக்கவை அல்ல.

ஒட்டு எதனால் பெயர்கிறது?

ஓட்டையின் மேல் தாரையோ, சிமெண்டையோ, ஒரு துண்டு மேட்டையோ ஒட்டிவிட்டுக் கடலுக்குச் செல்வோர் உண்டு. ஓட்டையை மூடுவது வேறு. அறுந்த இழையை இழையோடு இணைப்பது வேறு. மேலே ஒட்டிய துண்டை அலை அடித்தே பெயர்த்துவிடும். ஈரத்தின் மேலும், உப்பின் மேலும், பெயின்ட்டின் மேலும் பிசின் பிடிக்காது. எனவே முதலில் நல்ல நீரால் கழுவி, பல நாட்கள் நன்கு உலர விட வேண்டும். மழைக்காலத்தில் இவ்வேலை கூடாது. தை மாதத்திற்குப் பின் வறண்ட நாட்களே ஏற்றவை.

செப்பனிடும் முறை

சிதைந்த பகுதியை நல்ல இழை தெரியும் வரை வெட்டி எடுக்கவும். ஓட்டையின் விளிம்பைச் சுற்றிலும் வெளிப்புறமிருந்து சரிவாகத் தேய்க்கவும். சரிவின் அகலம் படகுச் சுவரின் தடிமனைப் போல் 12 மடங்கு இருக்க வேண்டும். சுவர் 6 மில்லிமீட்டர் எனில் சுற்றிலும் சுமார் 7 சென்டிமீட்டர் தேய்க்க வேண்டும். 10 சென்டிமீட்டர் ஓட்டை, தேய்த்த பின் 24 சென்டிமீட்டர் வட்டமாகும். சேதம் பெரிதாவதாக எண்ண வேண்டாம். இந்தச் சரிவில்தான் புதிய இழை பழைய இழையைப் பற்றிக் கொள்கிறது.

உட்புறத்தில் பாலித்தீன் தாள் சுற்றிய பலகையை அண்டை கொடுக்கவும். பாலித்தீனில் பிசின் ஒட்டாது. தேய்த்த இடத்தை அசிட்டோன் நனைத்த துணியால் துடைக்கவும்.

சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட் ஓர் அடுக்கு சுமார் 1 மில்லிமீட்டர் தடிமன் தரும். எனவே மேற்கண்ட ஓட்டைக்கு ஆறு வட்டங்கள் தேவை. அவற்றைச் சிறியதிலிருந்து பெரியதாக வெட்டிக் கொள்ளவும். மேட்டின் எடையைப் போல் இரண்டு முதல் இரண்டரை மடங்கு பிசின் வேண்டும். இதற்கு மேட் சுமார் 75 கிராமும், வீணாவதையும் சேர்த்துப் பிசின் கால் கிலோவும் போதும்.

சிறிய வட்டத்தை முதலில் வைத்து, பிசினில் நனைத்து, உருளையால் உருட்டிக் காற்றுக் குமிழிகளை வெளியேற்றவும். வெண்மையாகத் தெரியும் இடத்தில் பிசின் சேரவில்லை என்று பொருள். மூன்று அடுக்கு வைத்ததும் சூடு தணியும் வரை நிறுத்தி, பின் மற்ற மூன்றை வைக்கவும். ஒரே மூச்சில் எல்லாவற்றையும் வைத்தால் மிகுந்த சூட்டில் வெடிப்பு விழும். நிழலிலேயே வேலை செய்யவும். வெயிலில் பிசின் விரைவில் இறுகிவிடும். மறுநாள் தேய்த்துச் சமன் செய்து ஜெல்கோட் பூசவும். ஒரு வாரம் கழித்தே படகை நீரில் இறக்க வேண்டும்.

மிதவை அறையில் தெர்மோகோல் இருந்தால் அதன் மேல் பிசின் படக் கூடாது, பட்டால் கரைந்துவிடும்.

கவனம் தேவை

பிசினை இறுகச் செய்யும் கேட்டலிஸ்ட், பிசினின் எடையில் 1 முதல் 2 சதவீதமே சேர்க்க வேண்டும். அதாவது 100 கிராமுக்கு 1 முதல் 2 கிராம். கோபால்ட் சேர்க்க வேண்டிய பிசின் எனில், அதை முதலில் பிசினில் நன்கு கலக்கிய பின்னரே கேட்டலிஸ்ட்டைச் சேர்க்கவும். இவ்விரண்டையும் நேரடியாக ஒன்றுடன் ஒன்று கலந்தால் தீப்பற்றி வெடிக்கும். அருகருகே வைப்பதும் தவறு. கோபால்ட் முன்பே சேர்ந்துள்ளதா எனக் கடையில் கேட்டுக் கொள்ளவும்.

கேட்டலிஸ்ட் கண்ணில் பட்டால் பார்வை போகக் கூடும். உடனே 15 நிமிடமாவது நீரால் கழுவி, மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கண்ணாடி, கையுறை, மூக்குக் கவசம், முழுக்கைச் சட்டை இன்றி இவ்வேலையில் இறங்கலாகாது. அருகில் பீடி, அடுப்பு கூடாது.

செப்பனிட்ட படகைக் கரையோரம் ஆழமற்ற நீரில் ஒரு நாள் மிதக்க விட்டுப் பார்க்கவும். ஒட்டிய இடத்தில் நாணயத்தால் மீண்டும் தட்டவும். கணீரென ஒலித்தால், உயிர்காப்பு மிதவையுடன் தொழிலுக்குச் செல்லலாம். மந்தமாக ஒலித்தால், அன்றைய வருவாய் போனாலும் பாதகமில்லை; வெட்டி எடுத்துவிட்டு மீண்டும் செய்வதே சரி.