1934 உலகக்கோப்பை: தகுதிச் சுற்றிலிருந்து ஒரு வரலாற்றுப் பாடம்

பத்தாம் வகுப்பு சமூக அறிவியலில் 'இரு உலகப்போர்களுக்கு இடையில் உலகம்' பாடத்தை நடத்தும்போது, முசோலினி பெரும்பாலும் ஒரு பெயராகவும் இரண்டு மூன்று ஆண்டு எண்களாகவும் நின்றுவிடுகிறார். மாணவர்கள் மனப்பாடம் செய்கிறார்கள், கேள்வி கேட்பதில்லை. அந்தப் பாடத்துக்குள் நுழைய நான் 1934-இல் இத்தாலியில் நடந்த கால்பந்து உலகக்கோப்பையை எடுத்துக்கொள்கிறேன். அதிலும் இறுதி ஆட்டத்தைவிடத் தகுதிச் சுற்றுதான் வகுப்பில் அதிகம் பேச வைக்கிறது.

1930-இல் உருகுவேயில் நடந்த முதல் உலகக்கோப்பைக்குத் தகுதிச் சுற்றே கிடையாது. கலந்துகொண்டவை 13 அணிகள். கப்பலில் போய்ச் சேரவே ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகும் என்பதால் ஐரோப்பாவிலிருந்து பிரான்ஸ், பெல்ஜியம், ருமேனியா, யூகோஸ்லாவியா ஆகிய நான்கு மட்டுமே சென்றன. அந்த மனக்குறையில், கோப்பையை வென்ற உருகுவே 1934-இல் இத்தாலிக்கு வர மறுத்துவிட்டது. நடப்புச் சாம்பியன் ஆட மறுத்த உலகக்கோப்பை அது ஒன்றுதான்.

இம்முறை 32 நாடுகள் பெயர் கொடுத்தன. இடமோ 16 அணிகளுக்குத்தான். அதனால் தகுதிச் சுற்று தேவைப்பட்டது. அதன் முதல் ஆட்டம் 1933 ஜூன் 11 அன்று ஸ்டாக்ஹோமில் நடந்தது. சுவீடன் 6-2 என எஸ்தோனியாவை வென்றது. போட்டியை நடத்தும் இத்தாலிக்கும் விலக்கு இல்லை. மிலானில் கிரீஸை 4-0 என வென்ற பிறகே உள்ளே வந்தது. மறு ஆட்டம் நடக்கவில்லை, கிரீஸ் விலகிக்கொண்டது. பெரு விலகியதால் பிரேசிலும், சிலி விலகியதால் அர்ஜென்டினாவும் ஆடாமலேயே தகுதி பெற்றன. எதிரணி வராமல் வெற்றி அறிவிக்கப்படுவதைக் குறுவட்டப் போட்டிகளில் பார்த்துப் பழகிய நம் பிள்ளைகளுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை!

மெக்சிகோவின் கதையில்தான் வகுப்பு நிமிர்ந்து உட்காரும். கியூபாவை 3-2, 5-0, 4-1 என மூன்று முறை வென்று மெக்சிகோ தகுதிக்கு அருகில் வந்திருந்தது. ஆனால் அமெரிக்கா தாமதமாகப் பெயர் கொடுத்தது. அதை எதிர்த்து இன்னோர் ஆட்டம் ஆட வேண்டும், அதுவும் ரோமில் என்று முடிவானது. பக்கத்துப் பக்கத்து நாடுகள் இரண்டும் அட்லாண்டிக் கடலைக் கடந்து வந்து, மே 24 அன்று மோதின. அமெரிக்கா 4-2 என வென்றது. நான்கு கோல்களையும் அடித்தவர் ஆல்டோ டொனெல்லி. போட்டி தொடங்க மூன்றே நாள் இருக்கையில், உலகக்கோப்பையில் ஓர் ஆட்டம்கூட ஆடாமல் மெக்சிகோ ஊர் திரும்பியது. மே 27 அன்று அதே அமெரிக்கா இத்தாலியிடம் 7-1 எனத் தோற்றது. குழு ஆட்டங்கள் இல்லை, தோற்றால் வெளியே. கடல் கடந்து வந்த பிரேசிலும் அர்ஜென்டினாவும்கூட ஒரே ஆட்டத்தோடு கிளம்பின.

"பெயரைத் தாமதமாகக் கொடுத்தவர்களை ஏன் சார் சேர்த்தார்கள்?" என்று கேட்பார்கள். நான் பதில் சொல்வதில்லை. வகுப்பை இரண்டாகப் பிரித்து வாதிட விடுகிறேன்.

பிறகு கரும்பலகையில் அந்த ஆட்டம் நடந்த அரங்கின் பெயரை எழுதுவேன்: தேசிய பாசிசக் கட்சி அரங்கம். டூரின் நகர அரங்கின் பெயர் பெனிட்டோ முசோலினி. இத்தாலிய வீரர்கள் பாசிச வணக்கம் செலுத்திவிட்டு ஆடினார்கள். உலகக்கோப்பையோடு 'தலைவர் கோப்பை' என்று இன்னொன்றையும் முசோலினி வைத்தார். அது உண்மைக் கோப்பையைவிடப் பெரியது. ஓர் அரசு விளையாட்டை எதற்குப் பயன்படுத்தியது என்பதை இதற்குமேல் நான் விளக்குவதில்லை. ஜூன் 10 அன்று கூடுதல் நேரத்தில் செக்கோஸ்லோவாகியாவை 2-1 என வென்று இத்தாலி கோப்பையைப் பெற்றது. அந்த அணியின் லூயிஸ் மோன்டி 1930 இறுதி ஆட்டத்தில் அர்ஜென்டினாவுக்காக ஆடியவர்.

கடைசியாக உலக வரைபடம். தகுதி பெற்ற 16 நாடுகளைக் குறிக்கச் சொன்னால் ஐரோப்பாவில் 12 புள்ளிகள் குவியும். அமெரிக்கக் கண்டங்களில் மூன்று. ஆப்பிரிக்காவில் எகிப்து மட்டும். ஆசியா வெறுமையாக இருக்கும். பிரிட்டிஷ் பொறுப்பாட்சியில் இருந்த பாலஸ்தீனத்தை கெய்ரோவில் 7-1, டெல் அவிவில் 4-1 என வென்றுதான் எகிப்து வந்தது. ஆசியா ஏன் வெறுமையாக இருக்கிறது என்ற கேள்விக்கு, அன்று எந்தெந்த நாடு யார் ஆட்சியில் இருந்தது என்று வரைபடத்தில் வண்ணம் தீட்டச் சொல்கிறேன். ஆசியாவின் முதல் அணி 1938-இல் வந்தது. அதுவும் ஜப்பான் விலகியதால் கிடைத்த இடம். இன்றைய இந்தோனேசியாவான அந்த நாடு, அன்று டச்சுக் கிழக்கிந்தியா என்ற பெயரில் களமிறங்கியது.