சூட்டில் இறுகும் நீர்

அன்புள்ள பிள்ளை,

போன கடிதத்தில் நீ கேட்டது மனதை விட்டுப் போகவில்லை. பொலொக்சமர் 407 என்ற பல்பகுதியத்தின் கரைசல் குளிரில் ஓடுகிறது, உடம்புச் சூட்டில் இறுகுகிறது. சூடு ஏறினால் ஒழுங்கு குலையத்தானே வேண்டும், இது வெப்ப இயக்கவியலின் இரண்டாம் விதிக்கு முரண் இல்லையா? இல்லை. முரண் என்று ஒரு டியூசன் குறிப்பில் அச்சடித்தே கொடுத்திருக்கிறார்கள் என்று நீ எழுதியதைப் படித்துத்தான் எனக்குக் கோபம் வந்தது.

நோன்பு காலத்தில் காத்தான்குடி வீடுகளில் கடற்பாசி காய்ச்சுவார்கள். அது கொதியில் கரைந்து, 40 பாகைக்குக் கீழே ஆறும்போது இறுகும். மறுபடி உருக்க 85 பாகை அளவில் சூடு வேண்டும். அதைத்தான் நீ எல்லாவற்றுக்கும் பொருத்துகிறாய். அங்கே மூலக்கூற்றுச் சங்கிலிகளைக் கட்டி வைப்பது ஐதரசன் பிணைப்பு, சூடு அதை அறுக்கிறது. பொலொக்சமரின் நடுத்துண்டு பொலிபுரொப்பிலீன் ஒட்சைட்டு, இரு முனைகளும் பொலிஎதிலீன் ஒட்சைட்டு. குளிரில் அந்த நடுத்துண்டைச் சுற்றித் தண்ணீர் மூலக்கூறுகள் ஒழுங்காகக் கூடி நிற்கின்றன. நீ சங்கிலியையே பார்க்கிறாய். தண்ணீரைப் பார்! சூடு ஏற ஏற அது விடுபட்டுப் போகிறது. நடுத்துண்டுகள் ஒன்றுகூடி மைசெல்கள் என்ற நுண்திரள்களாகின்றன. செறிவு போதுமானால் மைசெல்கள் நெருங்கி அடுக்காகி, கரைசல் அசையாமல் நிற்கிறது. சங்கிலிகள் இழந்த எந்திரப்பியைவிட, அதாவது ஒழுங்கின்மையைவிட, நீர் பெற்றது அதிகம். இரண்டாம் விதிதான் இந்த வேலையையே செய்கிறது.

எண்ணெயும் தண்ணீரும் ஒன்றையொன்று தள்ளுகின்றன என்பதையும் மறந்துவிடு. அவற்றுக்கிடையே கவர்ச்சி உண்டு. தண்ணீருக்குத் தண்ணீர்மேல் உள்ள கவர்ச்சி அதைவிடப் பலமானது. சார்ல்ஸ் டான்ஃபோர்ட் 1973 இல் எழுதிய நூலைப் படித்துத்தான் எனக்கு இது தெளிந்தது. அவரே 1989 இல் பெஞ்சமின் பிராங்கிளினின் எண்ணெய்ச் சோதனையைப் பற்றியும் ஒரு புத்தகம் எழுதினார். இலண்டன் கிளாப்பம் குளத்தில் பிராங்கிளின் ஒரு தேக்கரண்டி எண்ணெய் ஊற்ற, அரை ஏக்கர் பரப்பில் சிற்றலை அடங்கியது. கல்லடிப் பாலத்தடியில் வள்ளத்து எண்ணெய் படர்ந்த இடத்தில் நீயும் அதைப் பார்த்திருப்பாய். அந்தப் படலத்தின் தடிப்பைக் கணக்கிட்டால் ஒரு மூலக்கூறின் நீளம், ஒன்றிரண்டு நனோமீற்றர், வரும். பிராங்கிளின் அந்தக் கணக்கைப் போடவில்லை. நீ போட்டு அனுப்பு.

இனி உன் தோழி கொட்டிய மாதிரிக்கு வருகிறேன். நூற்றுக்கு 20 பங்கு பொலொக்சமர் கரைசல் ஏறத்தாழ 20 பாகைக்கும் 25 பாகைக்கும் இடையில் இறுகும். குளிர்நாட்டு ஆய்வுகூட மேசையில் அது ஓடும். வாவிக்கரையில் பகல் 30 பாகை. இங்கே மேசையில் வைத்தாலே ஜெல். 'அறை வெப்பநிலையில் திரவம்' என்ற வரியை நம்பி, மாதிரி கெட்டுவிட்டது என்று கொட்டியிருக்கிறாள். எவ்வளவு வீண்! ஐஸில் வைத்திருந்தால் திரும்ப ஓடியிருக்கும்.

இது ஆய்வுகூடச் சிக்கல் மட்டுமல்ல. 1972 இலேயே ஷ்மோல்கா என்பவர் தீக்காயத்துக்குப் பூச இந்த ஜெல்லைச் சிபாரிசு செய்து எழுதினார். குளிரில் ஊற்றினால் புண்ணின் மேடுபள்ளத்தில் படர்ந்து, உடம்புச் சூட்டில் நிலைத்துவிடும். ஆனால் 20 பாகை அறைக்கும் 37 பாகை உடம்புக்கும் இடையே குளிர்நாட்டாருக்கு 17 பாகை இடைவெளி, நமக்கு ஏழுதான். அந்த ஏழுக்குள் இறுகும்படி செறிவைக் குறைக்க வேண்டும். குறைத்தால் ஜெல் மெலியும், புண்ணின் நீரில் இன்னும் சீக்கிரம் கரைந்து போகும். வந்தாறுமூலையில் படிக்கிற உங்களுக்கு இதைவிட நல்ல ஆய்வுத் தலைப்பு என்ன வேண்டும்? பிறர் அட்டவணையைப் பிரதி எடுப்பதை நிறுத்துங்கள்.

தூளைச் சுடுநீரில் போடாதே, கட்டி கட்டியாகும். 5 பாகைக் குளிர்நீரில் தூவி, ஓர் இரவு பிரிட்ஜில் வை, நுரையும் அடங்கிவிடும். பிறகு வெவ்வேறு செறிவுகளைப் போத்தலில் எடுத்து, நீர்த்தொட்டியில் ஒவ்வொரு பாகையாக ஏற்றி, சரித்தால் எப்போது ஓடாமல் நிற்கிறது என்று குறி. குறிப்பேட்டில் 'அறை வெப்பநிலை' என்று மட்டும் எழுதிவிடாதே. எத்தனை பாகை என்று எழுது.

அன்புடன்,
உன் மாமா