நீர்க்கட்டியா? முதலில் சோற்றுத் தட்டைக் காட்டுங்கள்

ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘பிசிஓஎஸ்’ (சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினை) என்று பார்த்ததும் கட்டியை எடுக்க ஆபரேஷன் வேண்டுமா என்று பதறுகிறார்கள். வேண்டாம், அவை பாதி வளர்ச்சியில் நின்றுபோன சினைமுட்டைப் பைகள். செய்ய வேண்டியவை வேறு.

1. உறுதிசெய்யுங்கள்

ஒழுங்கற்ற மாதவிடாய், ஆண் ஹார்மோன் மிகுதி (தாடையில் முரட்டு முடி, அடங்காத முகப்பரு), ஸ்கேனில் நீர்க்கட்டி. இந்த மூன்றில் குறைந்தது இரண்டு இருக்க வேண்டும். தைராய்டு, புரோலாக்டின் கோளாறு இல்லையென்றும் பார்த்துவிடுங்கள். வயதுக்கு வந்து 8 ஆண்டு ஆகாத பெண்ணுக்கு ஸ்கேனை வைத்து முடிவு கட்டக் கூடாது. சர்க்கரைக்கு, 75 கிராம் குளுக்கோஸ் குடித்து 2 மணி நேரம் கழித்துப் பார்க்கும் சோதனையைக் கேளுங்கள்.

2. தட்டை மாற்றுங்கள்

எல்லோரும் சறுக்குவது இங்கேதான். பலருக்கு இன்சுலின் சரியாக வேலை செய்யாததால் உடம்பு அதைக் கூடுதலாகச் சுரக்கிறது. அந்த மிகுதி சினைப்பையைத் தூண்டி ஆண் ஹார்மோனைக் கூட்டுகிறது. இதைக் கேட்ட உடனே சோற்றை அடியோடு நிறுத்துவார்கள். அடுத்த வாரம் கல்யாண வீட்டில் பிரியாணியை ஒரு கை பார்ப்பார்கள். இன்னும் சிலர் கேழ்வரகு மாவைக் கஞ்சியாகக் காய்ச்சி, நாட்டுச் சர்க்கரை போட்டு ஒரு சொம்பு குடிக்கிறார்கள். நைசாக அரைத்துக் குழையக் காய்ச்சினால் சிறுதானியமும் சர்க்கரையை மளமளவென்று ஏற்றும். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் எல்லாமே இந்தக் கணக்கில் சீனிதான்.

சோறு சாப்பிடுங்கள், அளவாக. தட்டில் பாதி பொரியல், கீரை, கூட்டு. கால் பங்கு சுண்டல், முட்டை, மீன் அல்லது கெட்டிப் பருப்பு. மிச்சக் கால் பங்குதான் சோறு. உருளைக்கிழங்கு வறுவல் காய்க் கணக்கில் சேராது. என் சட்டம்: தட்டில் முதலில் விழ வேண்டியது பொரியல், சோறு இரண்டாம் முறை கிடையாது. காலையில் நாலு இட்லிக்குப் பதில் இரண்டு, கூடவே ஒரு கிண்ணம் காய் போட்ட சாம்பார், ஒரு முட்டை. மாலை டீக்கு பிஸ்கட் வேண்டாம், சுண்டல் போதும்.

3. நடங்கள்

வாரம் 150 நிமிடம், வேர்க்கும் வேகத்தில். இரண்டு நாள் தசைப் பயிற்சி. மொட்டைமாடியில் போன் பேசிக்கொண்டே உலாத்துவது நடையாகாது. எடை கூடியவர்களுக்கு 5 சதவீதம் குறைந்தாலே, அதாவது 70 கிலோவில் மூன்றரை கிலோ, மாதவிடாய் சீராக வாய்ப்புண்டு. ஒல்லியானவர்கள் பட்டினி கிடக்க வேண்டாம்.

4. மாத்திரை

இன்சுலினைச் சரியாக வேலை செய்யவைக்கும் மெட்ஃபார்மினைச் சாப்பாட்டோடு, குறைந்த அளவில் தொடங்கினால் வயிற்றுப் பிரட்டல் குறையும். ஆண்டுக்கணக்கில் எடுப்பவர்கள் பி12 அளவைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஹார்மோன் மாத்திரை, போடும்வரை மாதாமாதம் தீட்டு வரவழைக்கும். ‘சரியாகிவிட்டது’ என்று நீங்களாக நிறுத்தாதீர்கள். ரத்த அழுத்தம், ஒற்றைத் தலைவலி, ரத்தக் கட்டு வந்ததுண்டு என்றால் டாக்டரிடம் முன்பே சொல்லுங்கள். அக்காவின் சீட்டைக் காட்டி மருந்து வாங்கவே கூடாது. குழந்தைக்காகக் காத்திருப்பவர்களுக்கு லெட்ரோசோல் மாத்திரை முதல் தேர்வு; அதுவும் டாக்டர் கண்காணிப்பில்.

ஒன்று மட்டும் தள்ளிப்போடாதீர்கள். தீட்டு வராதது நிம்மதி என்று இருந்துவிடுகிறார்கள். மாதக்கணக்கில் வராவிட்டால் கருப்பையின் உள்சுவர் தடித்துக்கொண்டே போகும். வருடங்கள் ஓடினால் அங்கே புற்றுநோய் அபாயமும் கூடும். 90 நாள் தாண்டினால் கர்ப்பப் பரிசோதனை செய்துவிட்டு, அந்த வாரமே டாக்டரைப் பாருங்கள்.