கோதுமை மாவில் எலுமிச்சைக் கேக்

கேள்வி: மைதாவை விலக்கி, கோதுமை மாவில் எலுமிச்சைக் கேக் செய்தால் செங்கல்லாகக் கனக்கிறது, கசக்கவும் செய்கிறது. காரணம் என்ன?

பதில்: இரண்டும் வெவ்வேறு தோஷங்கள். முழுக் கோதுமையில் தங்கிய தவிடு நீரை மிகுதியாக உறிஞ்சுவதோடு, வாயுவைத் தாங்கி நிற்க வேண்டிய பசையிழைகளையும் அறுத்துவிடுவதால், மைதாவுக்கு உரிய பிரமாணம் இதற்குப் போதாது. ஆதலின் 200 கிராம் மாவை, 150 மில்லி தயிர், 100 மில்லி எண்ணெய், 150 கிராம் சர்க்கரை, 2 முட்டை ஆகியவற்றோடு கலந்து, தவிடு நனைந்து மிருதுவாகும் பொருட்டுக் கால் மணி நேரம் ஊறவிட்டு, அதன் பின்னரே ஒன்றரைத் தேக்கரண்டி பேக்கிங் பவுடரும் கால் தேக்கரண்டி சமையல் சோடாவும் தூவி, ஓர் எலுமிச்சையின் சாற்றை விட்டு, அதிகம் கிளறாமல், தாமதமின்றி ஓவனில் வையுங்கள். 180 டிகிரி உஷ்ணத்தில் சுமார் 50 நிமிஷம் பிடிக்கும்.

கசப்போ, தோலைத் துருவும் கையின் அபராதம். எலுமிச்சையின் வாசனை சாற்றில் அதிகம் இல்லை. புளிப்பைத் தருவதே சாற்றின் காரியம். பரிமளத் தைலம் பெரும்பாலும் தோலின் மேற்பரப்பிலேயே இருக்கிறது. அதற்கு அடியிலுள்ள வெண்சதைதான் கசப்பு. நம் நாட்டுப் பழத்தின் தோல் மிக மெல்லியதாகையால், லேசாக ஒருமுறை துருவி நிறுத்திவிட்டு, அத்துருவலைச் சர்க்கரையோடு விரல்களால் கசக்கிச் சேர்ப்பது உத்தமம்.

ஆறிய பிறகே வெட்டுங்கள். மறுநாள் ருசி இன்னும் கூடும். குழந்தைகள் உள்ள வீட்டில் அதுவரை காத்திருப்பது சாத்தியமன்று.